ஆஃப்ஷோர் கப்பலுக்கு மாறலாமா? காசிமேட்டிலிருந்து ஒரு தேர்ட் ஆபீசரின் கேள்வி

காசிமேடு_பையன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 26, வீடு காசிமேடு. அப்பா விசைப்படகில் டிரைவராக இருந்தவர். முழங்கால் தேய்ந்துவிட்டதால் இப்போது கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். நான் டிஎன்எஸ் என்ற கப்பல் டிப்ளமோ படித்து, 18 மாதம் கேடட்டாக (பயிற்சி ஆபீசராக) ஓடி, செகண்ட் மேட் பரீட்சை பாஸ் செய்து, மொத்தச் சரக்கு ஏற்றும் பல்க் கேரியரில் தேர்ட் ஆபீசராக இரண்டு கான்ட்ராக்ட் முடித்துவிட்டேன்.

இப்போது வளைகுடாவில் ஒரு பிஎஸ்வியில் வேலை இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். எண்ணெய்க் கிணறு பிளாட்ஃபார்ம்களுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல். டிபி (கப்பலை ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்கும் முறை) பயிற்சியோடு சீட் தருவதாகவும், அதற்கு ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "இருநூறு மீட்டர் கப்பல விட்டுட்டு எழுபது மீட்டர் போட்டுக்குப் போறியா? அதுல கேப்டன் ஆனா அது கேப்டனா?" என்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அம்மாவின் கேள்வி வேறு. சாயங்காலம் கடற்கரையில் நின்று பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் விளக்கு தெரியும். அதைக் காட்டி, "நீ போற கப்பல் நிக்குமா, ஓடுமா?" என்று கேட்டார்கள்.

ஆஃப்ஷோர் கப்பலில் கேப்டனாக இருப்பவர்கள் யாராவது உள்ளபடி சொல்லுங்கள். அங்கே கேப்டனுக்கு என்னதான் வேலை?

---

தண்டையார்பேட்டை_மாஸ்டர்:

தம்பி, அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. நிற்கும். எங்கள் வேலையே கப்பலை நிற்க வைப்பதுதான்.

நான் ஐந்து வருடம் பல்க் கேரியரில் இருந்தேன். பிறகு பன்னிரண்டு வருடமாக ஆஃப்ஷோர். இப்போது 78 மீட்டர் பிஎஸ்வி ஒன்றில் மாஸ்டர், அதாவது கேப்டன், லீவில் வீட்டில் இருக்கிறேன். பெரிய கப்பலில் நடுக்கடலில் இரண்டு மைலுக்குள் ஏதாவது வந்தாலே நீ கேப்டனைக் கூப்பிடுவாய், இல்லையா? இங்கே, எரிவாயுக் குழாய்கள் ஓடும் பிளாட்ஃபார்மின் இரும்புக் கால்களிலிருந்து பதினைந்து இருபது மீட்டர் தள்ளி, ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும். நங்கூரம் போட முடியாது, ஏனென்றால் கீழே முழுக்கக் குழாய். கயிறும் கட்டுவதில்லை. கப்பலின் அடியில் முன்னும் பின்னும் உள்ள திரஸ்டர்கள்தான் பிடித்து நிறுத்துகின்றன. காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும். இரண்டையும் கணக்குப் போட்டு ஒவ்வொரு விநாடியும் திரஸ்டருக்குக் கட்டளை கொடுக்கும் கம்ப்யூட்டர்தான் டிபி, அதாவது டைனமிக் பொசிஷனிங்.

ஒருநாள் வேலையைச் சொல்கிறேன், உனக்கே புரியும். பிளாட்ஃபார்மைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வட்டம் உண்டு. அனுமதி வாங்காமல் அதற்குள் போகக் கூடாது. வட்டத்துக்கு வெளியே நிறுத்தி செக்லிஸ்ட்டை ஆரம்பிப்போம். ஜெனரேட்டர், திரஸ்டர், கைரோ, காற்றுமானி, ஜிபிஎஸ், லேசர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிப்போம். டிபியில் போட்டபின் அரை மணி நேரம் சும்மா நிற்போம். புதிதாக வரும் பையன்களுக்கு இந்த அரை மணி நேரம் பொறுக்காது. ஆனால் டிபி கம்ப்யூட்டர் நீரோட்டத்தை நேராக அளப்பதில்லை. காற்றின் தள்ளுதலைக் கழித்த பிறகு மிஞ்சும் விசை எல்லாவற்றையும் நீரோட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. அதைப் படித்துக்கொள்ள அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் உள்ளே போனவன் கண்ணைக் கட்டிக்கொண்டு போனவன்.

அப்புறம் எந்தப் பக்கம் நிற்பது என்ற முடிவு. மின்சாரம் மொத்தமும் போய்விட்டால் கப்பல் பிளாட்ஃபார்மை விட்டு விலகிப் போகும் பக்கம் ஒன்று, பிளாட்ஃபார்மின் மேலேயே போய் மோதும் பக்கம் ஒன்று. முதல் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அவர்களுக்குத் தேவையான கிரேன் பல சமயம் மற்றப் பக்கத்தில் இருக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பின்பக்க டெக்தான் எங்கள் கடை. கன்டெய்னர், குழாய், கெமிக்கல் டேங்க் எல்லாம் மேலே. கீழே டேங்குகளில் டீசல், குடிதண்ணீர், சிமென்ட், பாரைட் என்ற கனத்த தாதுப்பொடி, கிணறு துளையிடும்போது விடும் மட் என்ற சேற்றுக் கலவை. பாரைட்டும் சிமென்ட்டும் மாவு மாதிரி இருக்கும், காற்றழுத்தத்தால் ஹோஸ் வழியாக மேலே ஊதி அனுப்புவோம். வேலை செய்யும் இடம் பின்னால் இருப்பதால் பிரிட்ஜிலும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருவோம். கப்பலின் முகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டுவது முதல் மாதம் வயிற்றைப் பிரட்டும். பழகிவிடும்.

என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் உடனே படுக்க மாட்டார், திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால், "கொக்கிக்குக் கீழ ஆள் நின்னாங்கடா, அது கண்ணுலயே நிக்குது" என்பார். அவர் கண்ணில் நின்றது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். என் டெக்கில் இரண்டு ஏபி, அதாவது டெக் வேலை செய்யும் மாலுமிகள், நிற்பார்கள். கப்பல் ஒரு மீட்டர் ஏறி இறங்கும், மேலே கிரேனில் ஐந்து டன் பெட்டி ஆடும். பெட்டி டெக்கைத் தொட்டு, கொக்கியைக் கழற்றி, பையன்கள் ஒதுங்கிவிட்டார்கள் என்று வாக்கிடாக்கியில் குரல் வரும் வரை நான் நாற்காலியில் சாய்வதில்லை.

இருநூறு மீட்டர் கப்பலின் கேப்டனுக்கு வேறு பாரம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாமாவிடம் சொல்: கேப்டன் பரீட்சை இரண்டுக்கும் ஒன்றுதான். ராஜாஜி சாலையில் கப்பல் பரீட்சை நடத்தும் அதே எம்எம்டி அலுவலகத்தில் அதே சர்வேயர் முன்னால்தான் நானும் உட்கார்ந்து ஓரல்ஸ் (வாய்மொழித் தேர்வு) பதில் சொன்னேன்.

ஏறும் கப்பல் பிஎஸ்வியா, ஏஹெச்டிஎஸ்ஸா என்று கேட்டுக்கொள். இரண்டாவது வகை ரிக்கின் நங்கூரங்களைத் தூக்கி மாற்றும் கப்பல். வின்ச்சில் நூற்றுக்கணக்கான டன் இழுவை இருக்கும். அந்தச் சங்கிலி பின்னால் நேராக இல்லாமல் பக்கவாட்டில் போய்விட்டால் கப்பலையே சாய்த்துவிடும். 2007 ஏப்ரல் 12 அன்று ஷெட்லாந்துக்கு மேற்கே போர்போன் டால்ஃபின் என்ற ஏஹெச்டிஎஸ் அப்படித்தான் கவிழ்ந்தது. இருந்த 15 பேரில் 8 பேர் போய்விட்டார்கள். கேப்டனும், பள்ளியின் வேலை அனுபவப் பயிற்சிக்காக அவரோடு வந்திருந்த மகனும் அதில் உண்டு. அந்த விசாரணை அறிக்கையை ஏஹெச்டிஎஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு ஆபீசரும் படிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வேன். வேண்டாம் என்று தடுப்பதற்காக இல்லை, கயிறு எந்தக் கோணத்தில் போகிறது என்று பார்க்கும் கண் வருவதற்காக.

டிபி சான்றிதழுக்கு வழி: முதலில் இண்டக்‌ஷன் கோர்ஸ், பிறகு டிபி கப்பலில் குறைந்தது 60 நாள், பிறகு சிமுலேட்டர் கோர்ஸ், அதன்பின் இன்னும் 60 நாள். எல்லாம் லாக் புத்தகத்தில் மாஸ்டர் கையெழுத்தோடு ஏற வேண்டும். கப்பல் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த நாளை டிபி நாளாக எழுதிக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படி வாங்காதே. அந்தப் பொய் நாளின் விலையை ஒரு ராத்திரி கன்சோலில் தனியாக உட்கார்ந்து கட்ட வேண்டிவரும்.

ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. பொறுமையாக இன்னொரு பதிவு போடுகிறேன், வீட்டில் கூப்பிடுகிறார்கள்.

---

எண்ணூர்_சீஃப்:

மாஸ்டர் வருவதற்குள் பண விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். ஏஹெச்டிஎஸ்ஸில் சீஃப் இன்ஜினியராக இருக்கிறேன்.

கப்பலில் ஆள் சேர்க்க மத்திய அரசின் கப்பல் துறையான டிஜி ஷிப்பிங் கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் அவர்களின் இணையதளத்திலேயே இருக்கிறது, அந்த ஏஜென்ட்டின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் இருந்தாலும் வேலைக்காக உங்களிடம் காசு வாங்கக் கூடாது. மாலுமிகளின் வேலை உரிமைக்கான சர்வதேச எம்எல்சி 2006 ஒப்பந்தம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது, இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. பாஸ்போர்ட், சிடிசி (மாலுமிப் புத்தகம்), மெடிக்கல் இவற்றுக்கு ஆகும் செலவு வேறு. "சீட்டுக்கு" என்று கேட்டால் அது திருட்டு.

என் தங்கை மகன் ஒருவன் நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் கட்டினான். கப்பல் ஏற்றினார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது சம்பளம் கொடுக்காத கப்பல். எட்டு மாதம் ஒரு வெளிநாட்டு நங்கூரத் தளத்தில் அரிசியும் பருப்பும் சாப்பிட்டுக் கிடந்தான். ஊருக்கு வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. காசு வாங்கி ஆள் ஏற்றுகிறவனுக்கு அந்தக் கப்பல் எப்படிப்பட்டது என்ற கவலை இருக்காது.

வரி விஷயமும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஓட்டத்தில் இருந்தபோது வரியில் என்ஆர்ஐ என்று கருதப்படத் தேவையான நாள் கணக்கு வந்திருக்கும். இந்தியக் கரையோரமே சுற்றும் ஆஃப்ஷோர் கப்பலில் அந்தக் கணக்கு பெரும்பாலும் வராது. கையில் வரும் தொகையை அதற்கேற்ப யோசியுங்கள். ஏறுவதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

---

காசிமேடு_பையன்:

மாஸ்டர் அண்ணா, சீஃப் அண்ணா, ரொம்ப நன்றி. பட்டியலில் தேடிப் பார்த்தேன், அந்த ஏஜென்ட்டின் பெயர் இல்லை. நல்லவேளை, பணம் இன்னும் கொடுக்கவில்லை.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற இடத்தில் வலையைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பப் படி" என்றார். பிறகு அவர் கேட்டது இது: கிரேன் தப்பான பக்கத்தில் இருந்து, அங்கே வரச் சொன்னால் கேப்டன் என்ன செய்வார்? மும்பை பக்கம் புயலில் பார்ஜ் மூழ்கியது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது இந்தக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் உட்கார்ந்து டிவியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

---

தண்டையார்பேட்டை_மாஸ்டர்:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல், தம்பி. நான் எழுதாமல் தள்ளிப் போட்டதை நேராகக் கேட்டுவிட்டார்.

அவர் சொல்வது பி-305. 2021 மே 17, டவ்தே புயல். தங்கும் பார்ஜ் அது, சொந்தமாக ஓடும் இன்ஜின் கிடையாது. நங்கூரங்கள் விட்டுப்போய், பிளாட்ஃபார்ம் ஒன்றில் மோதி மூழ்கியது. இருந்த 261 பேரில் 186 பேரைத்தான் கடற்படை உயிரோடு எடுக்க முடிந்தது. அதே நாள் வரப்பிரதா என்ற இழுவைக் கப்பலும் போனது, 13 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். அந்த வாரம் நான் வீட்டில்தான் இருந்தேன், சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கடலில் ஓடின எவனுக்கும் அந்த இடத்தில் தன் முகம் தெரியும்.

புயலைப் பற்றி எச்சரிக்கை வரும், கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். கேப்டனுக்குக் கஷ்டமான நாள் புயல் இல்லாத நாள்தான். முடியும் போலவும் இருக்கும், முடியாது போலவும் இருக்கும்.

எனக்கு நடந்தது இது. மேற்குக் கடலில், ஜூலை மாதம். தென்மேற்குப் பருவக்காற்று விடாமல் அடித்தது. பிளாட்ஃபார்முக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனோம். கிழக்குப் பக்கக் கிரேன் பழுது. மேற்குக் கிரேன்தான் ஓடுகிறது, அதாவது காற்று வரும் பக்கம். அங்கே நின்றால் காற்றும் அலையும் எங்களைப் பிளாட்ஃபார்மின் மேல்தான் தள்ளும். எங்களுடையது டிபி-2. ஒரு ஜெனரேட்டரோ ஒரு திரஸ்டரோ செத்தாலும் மிச்சத்தை வைத்து நிற்க வேண்டும் என்பது அதன் கணக்கு. வட்டத்துக்கு வெளியே, அதே திசையில் கப்பலைத் திருப்பி நிறுத்திப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கன்சோலில் கான்ஸிக்வென்ஸ் அலாரம் வந்தது. இப்போது நிற்கிறாய், ஒன்று போனால் நிற்க மாட்டாய் என்று அர்த்தம்.

அலாரத்தை அமுக்கிவிட்டு உள்ளே போனவர்கள் உண்டு. நூறு தடவையில் தொண்ணூற்றெட்டு தடவை ஒன்றும் ஆகாது, அது எனக்கும் தெரியும். நான் வர முடியாது என்று ரேடியோவில் சொன்னேன்.

பிறகு ஆரம்பித்தது. முந்தின வாரம் இன்னொரு கப்பல் வந்ததே என்றார்கள். கப்பலை வாடகைக்கு எடுத்த சார்ட்டரரின் ஆபீசிலிருந்து போன், எங்கள் கம்பெனி சூப்பரின்டென்டென்டிடமிருந்து போன், அரை மணிக்கு ஒருமுறை. "முடியாதுன்னு சொல்றீங்களா, வேணாம்னு சொல்றீங்களா கேப்டன்?" என்று ஒருவர் கேட்டார். கப்பலை ஆஃப்-ஹயர் போடுவோம், அதாவது வாடகையை நிறுத்துவோம் என்றார்கள், போட்டும் விட்டார்கள். உயிர்ப் பாதுகாப்புக்காக மாஸ்டர் எடுக்கும் முடிவை முதலாளியோ சார்ட்டரரோ வேறு யாருமோ தடுக்கக் கூடாது என்று சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. கடைசி அதிகாரம் மாஸ்டருக்கே என்று கப்பல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான ஐஎஸ்எம் கோடும் சொல்கிறது. அந்த இரண்டு வரியையும் மெயிலில் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது, அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்குமா என்ற நினைப்பில். மகளுக்கு அந்த மாதம்தான் காலேஜ் ஃபீஸ்.

இரண்டு மைல் தள்ளி நாற்பது மணி நேரம் காத்திருந்தோம். என்னை உறங்கவிடாதது போன்கால்கள் இல்லை. அங்கே தொண்ணூறு பேர் இருந்தார்கள். குளிக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், சமையலுக்கும் குடிக்கவும் மட்டும். நான் முடியாது என்று சொன்னதன் கஷ்டம் அவர்கள் தலையில்தான் விழுந்தது. பிளாட்ஃபார்மின் ரேடியோவில் கடலூர்க்காரர் ஒருவர் இருந்தார். இரண்டாம் நாள் ராத்திரி அவரே கூப்பிட்டுத் தமிழில் சொன்னார்: "கேப்டன் சார், குடிக்கத் தண்ணி இருக்கு. குளிக்கத்தான் இல்ல. நீங்க பாத்து வாங்க."

மூன்றாம் நாள் விடியலில் காற்று இறங்கியது. மறுபடி அதே இடத்தில் அரை மணி நேரம் நிறுத்திப் பார்த்தேன், அலாரம் வரவில்லை. உள்ளே போய் மூன்று மணி நேரத்தில் இருநூறு டன் தண்ணீரை ஏற்றிவிட்டு வந்தோம். அப்போதும் அந்தப் பக்கம் நிற்க எனக்கு விருப்பமில்லை, ஒரு டிபிஓவை (டிபி இயக்கும் ஆபீசரை) எமர்ஜென்சி ஜாய்ஸ்டிக்கிலேயே கை வைத்து நிற்கச் சொன்னேன். கரைக்கு வந்தபின் விளக்கக் கடிதம் கேட்டார்கள். காற்றுமானி பதிவையும் அலாரம் பிரிண்டையும் இணைத்துக் கொடுத்தேன். அதற்குப் பதிலே வரவில்லை. அந்தக் கம்பெனியில் அடுத்த கான்ட்ராக்ட்டும் வரவில்லை, நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு வேறு இடம் கிடைத்தது.

அப்பாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். வர முடியாது என்பார். அதற்குத்தான் அவரைக் கேப்டன் என்கிறார்கள். மாமாவிடமும் இதையே சொல்லலாம்.

---

திருவொற்றியூர்_அக்கா:

தம்பி, என் வீட்டுக்காரரும் ஆஃப்ஷோரில் மாஸ்டர்தான், வேறு கம்பெனி. உன் அம்மாவுக்காக எழுதுகிறேன்.

பெரிய கப்பலில் ஆறு மாதம், எட்டு மாதம் என்று போனவர், இங்கே இரண்டு இரண்டரை மாதத்தில் திரும்பி வருகிறார். அது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் வந்த முதல் வாரம் ஆள் பாதிதான் வந்திருப்பார். அங்கே பகலும் இரவுமாக ஆறு மணி வேலை, ஆறு மணி ஓய்வு என்று ஓடியிருப்பார்கள். 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் ஓய்வு என்று சட்டம் இருந்தாலும் உடம்புக்கு அது துண்டு துண்டான தூக்கம்தான். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மொட்டை மாடியில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அம்மாவிடம் சொல், அப்போது எதுவும் கேட்க வேண்டாம், ஒரு காபி போட்டுக் கொடுத்தால் போதும்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் மாடியில் போட்டிருந்த தகரம் பறந்து அடுத்த தெருவில் விழுந்தது. அவர் கடலில். இரண்டு நாள் போன் கிடையாது, கரண்ட் கிடையாது. அவர் புயலில் மாட்டினாரா என்று நான் பயப்படவில்லை, அவர் இருந்தது வேறு கடல். நாங்கள் இருக்கிறோமா என்று தெரியாமல் அவர்தான் துடித்திருக்கிறார். அன்று முதல் எங்கள் தெருவில் மூன்று வீட்டு நம்பர் அவர் கையில் எழுதி வைத்திருக்கிறார். நீயும் ஏறுவதற்கு முன் அப்படி எழுதிக்கொள்.

---

காசிமேடு_பையன்:

அக்கா, அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று நம்பரை அவர்களே சொன்னார்கள், எழுதிக்கொண்டேன்.

ஏஜென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் டிபி இண்டக்‌ஷன் கோர்ஸை என் காசில் முடித்துவிட்டு, உரிமம் உள்ள இடங்களில் நேராக விண்ணப்பம் போடப் போகிறேன். மாஸ்டர் அண்ணா, அப்பா உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கச் சொன்னார். அந்தக் கடலூர்க்காரரைப் பிறகு பார்த்தீர்களா?

---

தண்டையார்பேட்டை_மாஸ்டர்:

பார்த்ததில்லை, தம்பி. தண்ணீர் ஏற்றி முடித்து வட்டத்தை விட்டு வெளியே வரும்போது, மேலே ரேடியோ ரூம் பக்கத்து வராந்தாவில் தோளில் துண்டோடு ஒருவர் நின்று கை காட்டினார். அவராகத்தான் இருக்கும். நானும் ஹார்ன் ஒன்று அடித்தேன்.

பத்தாம் தேதி வரை வீட்டில்தான் இருக்கிறேன். லாக் புத்தகம் எப்படி எழுதுவது என்று காட்டுகிறேன், தனிச்செய்தியில் நம்பர் அனுப்பு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.